பறக்கும் தட்டு ரோபோ, 85 மி.மீ.: 12 வாங்கலாமா என்று எதை வைத்து முடிவு செய்வது?

மூன்றாம்கிரகம் (கேள்வி)

பிறந்தநாளுக்கு ரிட்டர்ன் கிஃப்ட்டாக 12 வேண்டும். சாம்பிளுக்கு ஒன்று வந்திருக்கிறது. பிராண்டு பெயர் இல்லை. தட்டாக இருக்கும்போது விட்டம் 70 மி.மீ., கனம் 24 மி.மீ. ரோபோவாக நிற்கும்போது உயரம் 85 மி.மீ. எடை 36 கிராம்.

அமைப்பு இதுதான்: மேல் ஓடு நடுவில் பிளந்து இரண்டு தோளுக்கும் கேடயம்போலப் போகிறது. கீழ் ஓட்டின் முன்பாதி மார்பு, பின்பாதி முதுகில் தொங்குகிறது. நடுவில் ஒளி ஊடுருவும் நீலக் குமிழ். அதைப் பின்னால் தள்ளினால் அடியில் தலை. கால்கள் முழங்காலில் மடிந்து தட்டின் வயிற்றுக்குள் ஒளிந்துகொள்கின்றன. கழற்றி மாட்டும் பாகம் ஒரு சின்னத் துப்பாக்கி மட்டும்.

கண்ணில் பட்ட குறைகள், எனக்கு உறுத்திய வரிசையில்:
1. தட்டாக மூடினால் வலப்பக்கம் 1 மி.மீ. இடைவெளி.
2. ரோபோ பின்னால் சாய்ந்து விழுகிறது.
3. இடது இடுப்பு லூஸ்.
4. குமிழின் கீல் பக்கத்தில் முடி மாதிரி ஒரு கோடு.

குழந்தைகளுக்கு வயது 6, 7. இதில் எது சகஜம், எது வாங்கவே கூடாது என்பதற்கான அறிகுறி?

---

திருகாணி

உங்கள் பட்டியலைத் தலைகீழாகப் படியுங்கள். நான்காவதுதான் முதல் பிரச்சினை. மற்ற மூன்றையும் கையாலேயே சரிசெய்யப் பார்க்கலாம். கண்ணாடி மாதிரி இருக்கும் பிளாஸ்டிக்கில் விரிசல் விழுந்தால் அதற்கு வைத்தியம் கிடையாது.

காரணம் சொல்கிறேன். உடம்பு பாகங்கள் பெரும்பாலும் ஏபிஎஸ் என்ற கெட்டியான பிளாஸ்டிக். வளைத்தால் முதலில் வெளுக்கும், உடனே உடையாது. ஒளி ஊடுருவும் பாகத்துக்குப் போடும் பிளாஸ்டிக் விறைப்பானது, அந்த எச்சரிக்கையைத் தராது. அதில் துளை போட்டு உலோகப் பின்னை அழுத்தி ஏற்றும்போது, துளை கொஞ்சம் சிறிதாக இருந்தாலும் சுவரை அந்தப் பின் எந்நேரமும் வெளிப்பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். பொம்மையைத் தொடாமல் அலமாரியில் வைத்திருந்தாலும் விரிசல் வளரும்.

ஆனால் நீங்கள் பார்த்தது விரிசல்தானா என்று முதலில் உறுதி செய்யுங்கள். அச்சில் உருகிய பிளாஸ்டிக் துளையைச் சுற்றி இரண்டு பக்கமாக ஓடி மறுபக்கம் சேரும் இடத்திலும் ஒரு கோடு விழும். அது இணைவுக் கோடு. இரண்டையும் பிரித்துப் பார்க்க மொபைல் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துக் குமிழைத் திருப்புங்கள். விரிசலாக இருந்தால் ஏதோ ஒரு கோணத்தில் மட்டும் வெள்ளி மாதிரி பளிச்சென்று மின்னும். இணைவுக் கோடு எந்தக் கோணத்திலும் ஒரே மங்கலாகத் தெரியும். பிறகு மார்க்கரால் கோட்டின் நுனியில் ஒரு புள்ளி வைத்து, குமிழை 20 முறை திறந்து மூடுங்கள். கோடு புள்ளியைத் தாண்டியிருந்தால் முடிந்தது கதை. இணைவுக் கோடாகவே இருந்தாலும் நிம்மதி வேண்டாம், விரிசல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும்.

அடுத்து இடைவெளி. ஒரு பக்கம் மட்டும் என்கிறீர்கள், அது நல்ல செய்தி. சுற்றிலும் ஒரே அளவு இடைவெளி இருந்தால் அச்சு சரியில்லை என்று பொருள், நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. ஒரு பக்கம் மட்டும் தூக்கி நின்றால் உள்ளே ஏதோ ஒன்று தன் இடத்தில் உட்காரவில்லை. இந்த அமைப்பில் சந்தேகப்பட வேண்டியவை மூன்று: வலது மணிக்கட்டு உள்பக்கம் திரும்பாமல் இருப்பது, வலது முழங்கால் கடைசி ஒரு மில்லிமீட்டர் மடியாமல் இருப்பது, தலை நேராக இல்லாமல் சற்றே திரும்பியிருப்பது. ஓடுகளைப் பலவந்தமாக அழுத்தி மூடாதீர்கள். ஓடுகளைப் பிடித்திருக்கும் கொக்கியின் அடியில் வெள்ளைக் கோடு விழும். ஹேர் டிரையர் சூட்டில் அந்த வெள்ளை மறையலாம், போன பலம் திரும்பாது.

இடைவெளியை அளக்க ஃபீலர் கேஜ் என்ற அளவுத் தகடுகள் தேவையில்லை. சாதாரண 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் சுமார் 0.1 மி.மீ. கனம். துண்டுகளை அடுக்கி இடைவெளியில் நுழைத்து எத்தனை தாள் போகிறது என்று எண்ணுங்கள். இந்த அளவுப் பொம்மைக்கு 3 தாள் வரை நான் குறை சொல்ல மாட்டேன். 5 தாள் தாண்டினால் கொக்கி சரியாகப் பிடிக்கவில்லை.

உள்ளே எல்லாம் சரியாக இருந்தும் இடைவெளி போகவில்லையென்றால் ஸ்க்ரூவைப் பாருங்கள். தொழிற்சாலையில் அளவுக்கு மேல் இறுக்கினால் ஓடு முறுக்கிக்கொள்ளும். கால் சுற்று தளர்த்தி மூடிப் பாருங்கள். முழுக்கக் கழற்றினால் திரும்பப் போடும்போது ஒரு பழக்கம் அவசியம்: முதலில் ஸ்க்ரூவை எதிர்ப்பக்கம் மெல்லச் சுற்றுங்கள், 'டக்' என்று பழைய புரியில் இறங்கும். அதற்கு அப்புறம்தான் இறுக்க வேண்டும். நேரடியாக இறுக்கினால் புதுப் புரி வெட்டிக்கொண்டு போகும். இரண்டு மூன்று தடவையில் துளை வழுக்கிவிடும்.

---

தட்டாம்பூச்சி

திருகாணி சொன்னதில் மறுக்க எதுவும் இல்லை. ஆனால் இந்த வகைப் பொம்மையை மதிப்பிடுகிறவர்கள் ரோபோவை நிற்க வைத்துப் பார்த்துவிட்டு, விண்கலத்துக்குப் பாதி மதிப்பெண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடுகிறார்கள். ஆறு வயதுப் பிள்ளை கையில் அது பெரும்பாலும் விண்கலமாகத்தான் இருக்கும். பறக்க விடத்தானே வாங்குவது!

கார் ரோபோ என்றால் சக்கரம் உருளுகிறதா என்று பார்த்தால் போதும். விண்கலத்துக்கு அந்தச் சோதனை இல்லை, அதற்குப் பதில் பிடிமானம் இருக்கிறது. கட்டை விரல் அடியில், இரண்டு விரல் மேலே, இப்படிப் பிடித்து வேகமாக வளைத்துத் திருப்புங்கள். விரல் படும் இடத்தில் எந்த ஓடு இருக்கிறது? அது நகரும் ஓடா, நகராத உடம்பா? நல்ல வடிவமைப்பில் விரல் படுகிற இடம் நெஞ்சோ இடுப்போ ஆக இருக்கும். மட்டமானதில் விரல் சரியாகக் கொக்கி மேலேயே விழும், ஒவ்வொரு முறை பிடிக்கும்போதும் தட்டு வாயைப் பிளக்கும். உங்களுடையதில் மேல் ஓடு நடுவில் பிளக்கிறது என்பதால் இரண்டு விரலும் பிளவின் இரண்டு பக்கமும் விழ வாய்ப்பு அதிகம். பார்த்துச் சொல்லுங்கள்.

அப்புறம் தட்டைத் தலைகீழாகப் பிடித்து, உதறாமல், மணிக்கட்டை மட்டும் ஐந்து முறை ஆட்டுங்கள். கால்கள் வெளியே தொங்கினால் வயிற்றுக்குள் அவற்றைப் பிடிக்கக் கொக்கியே இல்லை, மூட்டின் இறுக்கத்தை மட்டும் நம்பியிருக்கிறார்கள். இன்றைக்குப் பிடிக்கும், நூறு தடவைக்குப் பிறகு பிடிக்காது.

பறக்கும் தட்டு ரோபோ புதிதில்லை. டிரான்ஸ்ஃபார்மர்ஸ் வரிசையில் 1985-ல் வந்த காஸ்மாஸ் பச்சை நிறத் தட்டு, மினிபாட் என்ற சின்ன அளவில் வந்தது. போட்டியாளரான கோபாட்ஸ் பக்கம் பாத்ஃபைண்டர் என்று ஒரு தட்டு இருந்தது. கோபாட்ஸின் மூலம் ஜப்பானின் பண்டாய் குழுமம் 1982-ல் தொடங்கிய மெஷின் ரோபோ. அதன் 600 வரிசைக்கு அந்தப் பெயர் வந்ததே 600 யென் விலையால்தான். அந்தக் காலச் சின்னவற்றில் மூட்டு மிகக் குறைவு, கை மட்டும் ஆடும், கால் ஒரே கட்டையாக இருக்கும். அதனாலேயே பல இன்றும் உறுதியாக இருக்கின்றன. 85 மி.மீ.க்குள் முழங்கை, முழங்கால், இடுப்பு எல்லாம் ஆட வேண்டும் என்று கேட்கத் தொடங்கிய பிறகு, ஒரே மூட்டு இரண்டு வேலை பார்க்க வேண்டியதாயிற்று. உங்கள் இடது இடுப்பு அப்படித்தான்: நிற்பதற்கும் அதுவே, தட்டுக்குள் மடிவதற்கும் அதுவே. முதலில் தளர்வது அதுவாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை.

இன்னொன்று, 'கிப்பிள்' என்று சேகரிப்பாளர்கள் சொல்லும் தொங்கட்டான்கள். தோளில் கேடயம்போல நிற்கும் ஓடுகள் இருப்பது தப்பில்லை, அவை கையைத் தூக்க விடாமல் தடுத்தால்தான் தப்பு. கையைப் பக்கவாட்டில் 90 டிகிரி தூக்க முடிகிறதா?

---

மூன்றாம்கிரகம்

சோதித்துப் பார்த்தேன்.

இடைவெளிக்குக் காரணம் வலது மணிக்கட்டு. விரல்கள் உள்பக்கம் பார்க்கும்படி திருப்பியதும் 1 மி.மீ. என்பது 2 தாள் ஆனது. குறிப்புத்தாளில் இந்தப் படியே இல்லை.

குமிழ்: ஒரு கோணத்தில் மின்னுகிறது. 20 முறைக்குப் பிறகு புள்ளியை அரை மில்லிமீட்டர் தாண்டிவிட்டது.

பிடிமானம்: தட்டாம்பூச்சி சொன்ன மாதிரியே விரல் பிளவின் இரண்டு பக்கமும் விழுகிறது, ஆனால் கொக்கி விடவில்லை. தலைகீழாக ஆட்டியதில் இடது கால் இரண்டாவது ஆட்டத்திலேயே வெளியே வந்தது. கை 60 டிகிரி வரைதான் தூக்குகிறது.

இடுப்பு பந்து மூட்டு. நெயில் பாலிஷ் பூசினால் சரியாகும் என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். செய்யலாமா? பின்னால் விழுவதற்கு என்ன வழி?

---

பழையபெட்டி

நெயில் பாலிஷ் வேலை செய்யும், ஆனால் அதில் இருக்கும் கரைப்பான் ஏபிஎஸ்ஸையும் கொஞ்சம் இளக்கும். ஈரத்தோடு பந்தைக் கிண்ணத்தில் தள்ளினால் ஒட்டிக்கொண்டு, அடுத்த முறை திருப்பும்போது பந்தைத் தாங்கும் கழுத்து முறியும். செய்வதென்றால் இப்படி:

காலை நேராகப் பிடித்து இழுத்துப் பந்தை வெளியே எடுங்கள். முறுக்கி எடுக்காதீர்கள். பந்தை சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்துக் காய விடுங்கள். நிறமில்லாத பாலிஷை ஒரே ஒரு மெல்லிய பூச்சு, பந்தின் நடுவட்டத்தில் மட்டும். 24 மணி நேரம் காய வேண்டும். அப்புறம் மாட்டிப் பாருங்கள். போதாவிட்டால் இன்னொரு பூச்சு, இன்னொரு நாள். அவசரக்காரர்கள் மூன்று பூச்சை ஒரே நாளில் போட்டுவிட்டு, உள்ளே பசையாகவே கிடக்கும் மூட்டோடு வந்து நிற்பார்கள். தண்ணீரில் கரைத்த வெள்ளை மரப்பசை இன்னும் பாதுகாப்பு, பிடிக்காவிட்டால் உரித்து எடுத்துவிடலாம். பந்து வழவழவென்று மெழுகு மாதிரி இருந்தால் அது பிஓஎம் பிளாஸ்டிக்காக இருக்கலாம். அதில் பசை, பாலிஷ் எதுவும் நிற்காது, உரிந்து வரும்.

குமிழ் பக்கம் பாலிஷையோ சூப்பர் க்ளூவையோ கொண்டுபோக வேண்டாம். பாலிஷ் அதில் வலைப்பின்னலாக நுண் விரிசலை உண்டாக்கும், சூப்பர் க்ளூவின் ஆவி வெண்புகை படிந்த மாதிரி ஆக்கும்.

இறுக்கமான மூட்டுக்கு என்ன போடுவது என்று அடுத்து கேட்பீர்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், தையல் மெஷின் எண்ணெயும் வேண்டாம். அழுத்தத்தில் இருக்கும் பிளாஸ்டிக்கில் எண்ணெய் ஊறினால் விரிசல் சீக்கிரம் வரும். சிலிகான் கிரீஸ், குண்டூசித் தலை அளவு, அவ்வளவுதான்.

பின்னால் சாய்வது: உங்கள் அமைப்பில் கீழ் ஓட்டின் பின்பாதியும் குமிழும் முதுகுக்குப் போய்விடுகின்றன. எடை குதிகாலைத் தாண்டுகிறது. குதிகாலில் மடித்து விரிக்கும் சின்னத் தட்டு இருக்கிறதா என்று பாருங்கள், பல பொம்மைகளில் அது உள்ளங்காலோடு ஒட்டி மறைந்திருக்கும். இல்லையென்றால் உடம்பை இடுப்பில் சற்று முன்னே சாய்த்து, தோள் ஓடுகளை முன்பக்கம் கொண்டுவாருங்கள். அளந்து பார்க்க வேண்டுமானால் 30 செ.மீ. ஸ்கேலின் மேல் நிறுத்தி, ரோபோவின் முகம் உயரும் முனையைப் பார்த்திருக்க, அந்த முனையை மெல்லத் தூக்குங்கள். 5 செ.மீ. தூக்கினால் ஏறக்குறைய 10 டிகிரி. அதுவரை விழாமல் நின்றால் நன்று. 2.5 செ.மீ.யிலேயே சாய்ந்தால் மேசையில் யாராவது கை வைத்தாலே விழும். கால் வழுக்கினால் அது கணக்கில்லை, ஸ்கேலில் ஒரு தாளை ஒட்டிக்கொள்ளுங்கள்.

இடுப்பு லூஸாக இருக்கும்போது இந்தச் சோதனை செய்து பயனில்லை. முதலில் இடுப்பு, அப்புறம் ஸ்கேல்.

---

அச்சாணி

எல்லோரும் மூட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். 12 குழந்தைகளுக்குக் கொடுக்கப்போகிற பொருள் இது. வாங்குகிற குழந்தைக்கு 6 வயது, சரி. அந்த வீட்டில் தவழுகிற தம்பி தங்கை இருப்பார்களா இல்லையா?

முதலில் அட்டைப்பெட்டியில் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா? பொம்மைகளுக்கான தரக்கட்டுப்பாட்டு ஆணை 2020-ல் வந்து, 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் விளையாடும் பொம்மை, இந்தியாவில் செய்ததோ இறக்குமதியோ, முத்திரை இல்லாமல் விற்கக்கூடாது. முத்திரையோடு 'சிஎம்/எல்' என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். அதை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் யாருடைய உரிமம், எந்தப் பொருளுக்கு என்று காட்டும். எண்ணை அச்சடித்திருப்பதோடு நம்பிவிடாதீர்கள், போட்டுப் பாருங்கள். '14 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான சேகரிப்புப் பொருள்' என்று பெட்டியில் போட்டு அதையே ரிட்டர்ன் கிஃப்ட் என்று விற்றால், அந்தக் கடையைவிட்டு நகர்ந்துவிடுவது நல்லது.

அடுத்து அந்தத் துப்பாக்கி. மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஆபத்தான சிறு பாகம் எது என்று பார்க்க ஒரு உருளை வைத்திருக்கிறார்கள்: உள்விட்டம் 31.7 மி.மீ., அடிப்பகுதி சாய்வாக, ஆழம் ஒரு பக்கம் 25.4, மறுபக்கம் 57.1 மி.மீ. அதற்குள் அழுத்தாமல் முழுதாக அடங்கினால் அது தொண்டையில் அடைக்கும் பாகம். பழைய பிலிம் ரோல் டப்பா வீட்டில் கிடந்தால் அதன் வாய் ஏறக்குறைய அதே அளவு. 85 மி.மீ. ரோபோவின் துப்பாக்கி நிச்சயம் அடங்கும். உடைந்த குமிழும் அடங்கும், அதுவும் கூர்முனையோடு. திருகாணி குமிழை முதலில் சொன்னதற்கு என் தரப்புக் காரணம் இது.

ஏவுகணை பறக்கும் வகையாக இருந்தால் இன்னும் கவனம். 1970-களின் கடைசியில் அமெரிக்காவில் ஒரு விண்கலப் பொம்மையின் ஏவுகணை தொண்டையில் சிக்கி 4 வயதுக் குழந்தை ஒன்று இறந்தது. அதற்குப் பிறகு அந்தப் பொம்மையின் ஏவுகணை பறக்காதபடி பொருத்தப்பட்டது. பிற்காலப் பொம்மைகளின் ஏவுகணைகள் பொருத்தமில்லாமல் நீளமாக இருப்பதைக் கிண்டல் செய்பவர்கள் அந்த 57 மி.மீ. ஆழத்தையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

விளக்கு எரியும் மாடல் என்றால் பேட்டரி மூடி ஸ்க்ரூவால் பூட்டியிருக்க வேண்டும். எல்ஆர்44 பட்டன் செல் 11.6 மி.மீ. அகலம்தான், விழுங்கினால் உணவுக்குழாயைப் புண்ணாக்கும். கையில் துப்பாக்கி காந்தத்தால் ஒட்டும் மாடல் என்றால் வேண்டவே வேண்டாம். இரண்டு காந்தத் துண்டு வயிற்றுக்குள் போனால் குடல் சுவரை நடுவில் பிடித்து இறுக்கிவிடும்.

---

மூன்றாம்கிரகம்

முத்திரை இருக்கிறது, எண்ணும் செயலியில் வருகிறது. பேட்டரி, காந்தம் இல்லை. துப்பாக்கியை எடுத்துவிட்டுக் கொடுக்கலாம். குதிகால் தட்டு உண்மையிலேயே உள்ளங்காலில் மறைந்திருந்தது! விரித்து, இடுப்புக்கு மரப்பசை ஒரு பூச்சு போட்டுக் காயவைத்த பிறகு ஸ்கேலில் 6 செ.மீ. வரை நின்றது. தலைகீழாக ஆட்டியும் கால் வெளியே வரவில்லை.

மிச்சம் குமிழ்தான். இந்த ஒன்றில் மட்டும் வந்த குறையா, 12-லும் இருக்குமா?

---

திருகாணி

ஒன்றை வைத்துச் சொல்ல முடியாது. கடைக்காரரிடம் இன்னும் மூன்று கேளுங்கள், திருப்பித் தரும் நிபந்தனையோடு.

வந்ததும் குமிழின் உள்பக்கம் லென்ஸ் வைத்துப் பாருங்கள். 1, 2, 3, 4 என்று ஏதாவது ஒரு சின்ன எண் புடைத்திருக்கும். ஒரே அச்சில் பல குழிகள் இருக்கும், எந்தக் குழியில் வார்த்தது என்பதற்கான அடையாளம் அது. விரிசல் விட்டதில் 3 என்று இருந்து, மற்ற எண்கள் 20 முறைக்குப் பிறகும் சுத்தமாக இருந்தால், அந்த ஒரு குழியின் துளை மட்டும் சிறிதாக விழுகிறது. அப்போது 12-ஐயும் எண் பார்த்துப் பொறுக்கி வாங்கலாம். எல்லா எண்ணிலும் கோடு வந்தால் வடிவமைப்பே தவறு, வேறு பொம்மை பார்க்க வேண்டியதுதான். எண் எதுவும் இல்லையென்றால் 12-ஐயும் டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

பின்னின் தலையையும் கவனியுங்கள். ஒரு முனை வழவழப்பாகவும் மறுமுனை பல்பல்லாகவும் இருக்கும். பல் உள்ள முனை நீலக் குமிழுக்குள் கடித்திருந்தால் விரிசலுக்கு அதுவே காரணம். அது ஏபிஎஸ் பக்கம் கடித்து, குமிழுக்குள் வழவழப்பான பகுதி மட்டும் சுழல வேண்டும். சிலவற்றில் பின்னைத் தொழிற்சாலையிலேயே மாற்றிச் செருகியிருப்பார்கள். அதைச் சரிசெய்ய, வழவழப்பான முனையில் மெல்லிய ஆணியை வைத்துத் தட்டினால் பல் உள்ள முனை வெளியே வரும், திருப்பிச் செருகலாம். ஏற்கெனவே விரிசல் விட்டதில் முயலாதீர்கள், முதல் தட்டிலேயே இரண்டாகிவிடும்.

குறிப்புத்தாளில் விட்டுப்போன அந்த மணிக்கட்டுப் படியை ஒவ்வொரு பெட்டியிலும் பேனாவால் எழுதிப் போடுங்கள். இல்லையென்றால் 12 வீட்டிலும் யாராவது ஓடுகளை அழுத்தி மூடிக் கொக்கியை உடைத்துவிடுவார்கள்.